அவிநாசித் தெருவில் இரண்டு வீடுகள்

கோவை மாநகருக்கு மேற்கே சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், நொய்யலின் கரையில் அமைந்திருக்கிறது பேரூர். மேலைச் சிதம்பரம் என்று பெரியோர் போற்றிய தலம். பட்டீசுவரரும் பச்சைநாயகியும் இங்கே எழுந்தருளி அருள்பாலிக்கின்றனர். அமாவாசை நாள்களிலும் ஆடிப்பெருக்கன்றும் படித்துறையில் கால்வைக்க இடமிராது. ஆனால் வார நாள் ஒன்றின் காலைப் பொழுதில், நடை திறந்த சிறிது நேரத்தில் சென்றால், கனகசபைத் தூண்களுக்கிடையே புறாக்களின் சிறகொலியைத் தவிர வேறு ஓசை கேட்பது அரிது.

அப்படியொரு காலையில் ஒரு குடும்பம் கோவிலுக்குள் நுழைகிறது. தந்தை, தாய், அவர்களின் 12 வயது மகன், தாயைப் பெற்ற அப்பிச்சி என நால்வர். சிறுவனின் காதுகளை ஓசை தணிக்கும் காதுமூடி மறைத்திருக்கிறது. தாயின் கையில் வளையமொன்றில் கோத்த சிறிய படங்கள். கோபுரம், செருப்பு விடும் இடம், கொடிமரம், சந்நிதி, விபூதித் தட்டு, கார், வீடு என்று வரிசையாக அவை அமைந்திருக்கின்றன. ஓர் இடத்தைக் கடந்ததும் அதற்குரிய படத்தைச் சிறுவனே திருப்பிப் போடுகிறான். அடுத்தது என்ன என்பது தெரிந்திருப்பதால் அவன் நடையில் தயக்கமில்லை. அவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது.

மூன்றாண்டுகளுக்கு முன்பு, ஒரு பிரதோஷ மாலையில் இவர்கள் வேறொரு பெரிய கோவிலுக்குச் சென்றிருந்தார்கள். நெரிசல், ஈரத்தரை, சாம்பிராணிப் புகை. தீபாராதனையின்போது மின்விசையில் இயங்கும் முரசும் மணியும் ஒருசேர முழங்கின. சிறுவன் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறினான். "பையனுக்கு என்னங்க, பேய் புடிச்சிருக்குதுங்களா?" என்றார் ஒருவர். "ரெண்டு வெச்சா சரியாப் போயிரும்" என்றார் மற்றொருவர். சந்நிதியைக் காணாமலே அவர்கள் திரும்பினார்கள். அதன்பின் மூன்றாண்டுகள் எந்தக் கோவிலின் வாசற்படியையும் அக்குடும்பம் மிதிக்கவில்லை. உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கும் ஒருவர் போனால், மற்றவர் மகனோடு வீட்டிலிருந்தார். மீண்டும் ஒரு கோவிலுக்குப் போய்ப் பார்ப்போம் என்று துணிந்தபோது, முதலில் பேரூருக்கே போகலாம் என்று சொன்னவர் அப்பிச்சி. அதற்குத் தலவரலாறே காரணம்.

கன்றின் குளம்படி

கச்சியப்ப முனிவர் பாடிய பேரூர்ப் புராணம் இத்தலத்தின் கதையை விரித்துரைக்கிறது. படைப்பாற்றலை வேண்டிய காமதேனு, இங்கே புற்றினுள் இருந்த சிவலிங்கத்துக்கு நாள்தோறும் பால் சொரிந்து வழிபட்டது. அதன் கன்றின் பெயர் பட்டி. விளையாட்டாகத் துள்ளித் திரிந்த கன்றின் கால் ஒருநாள் புற்றில் சிக்கிக்கொண்டது. காலை விடுவித்துக்கொள்ள முயன்றபோது அதன் குளம்பும் கொம்பும் பட்டு இலிங்கத் திருமேனியில் வடு ஏற்பட்டது. தன் பிள்ளையால் நேர்ந்த பிழையைக் கண்டு காமதேனு நடுநடுங்கிற்று. இறைவன் வெளிப்பட்டு, உமையின் வளைத்தழும்பை ஏற்றது போலவே உன் கன்றின் குளம்படியையும் மகிழ்ந்து ஏற்றோம் என்று தேற்றினான். கன்றின் பெயரையே தன் பெயராகவும் சூடிக்கொண்டான். இன்றும் பட்டீசுவரர் திருமேனியில் அந்தச் சுவட்டை அடியார்கள் தரிசிக்கின்றனர்.

கோவிலில் பிள்ளை அலறும்போது ஒரு தாய் அடையும் நடுக்கம் காமதேனுவின் நடுக்கத்தினின்றும் வேறானதன்று. சுற்றிலும் இருப்போரின் பார்வை அவள்மீதே விழுகிறது. இறைவன் பொறுத்ததை அடியார் பொறுப்பதில்லை.

ஆட்டிசம் என்பது மூளையின் வளர்ச்சியில் தொடக்கத்திலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. மதியிறுக்கம் என்றும் அதனைத் தமிழில் குறிப்பிடுவர். அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர், 11 குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து 1943-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையே இதனை உலகறியச் செய்தது. இதில் ஒருவரைப் போல் இன்னொருவர் இருப்பதில்லை. சிலர் பேசுவதேயில்லை. சிலர் நன்றாகப் பேசினாலும், எதிரில் இருப்பவரின் குறிப்பை உணர இயலாமல் தவிப்பர். ஓசையும் ஒளியும் மணமும் தொடுகையும் பலருக்குப் பன்மடங்கு மிகுந்து தாக்கும். நமக்கு மங்கல ஒலியாக இருக்கும் தவில், அவர்களின் காதில் இடியாக இறங்கக்கூடும். தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று ஒரு காலத்தில் மேலைநாட்டு அறிஞர் சிலர் கூறிவந்தனர். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லாண்ட், 1964-இல் எழுதிய நூலில் அக்கூற்றைத் தகர்த்தார். அறிவுலகம் கைவிட்ட அந்தப் பழியை, "வளர்த்த லட்சணம்" என்னும் சொல்லாக நம் தெருக்கள் இன்னும் கைவிடவில்லை.

அப்பிச்சி காங்கேயத்தை அடுத்த சிற்றூரில் வாழ்நாளெல்லாம் மாடு வளர்த்தவர். ஏட்டுக்கல்வி அதிகமில்லாதவர். பேரனைப் பற்றி மருத்துவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "மாடு மெரண்டா அடிக்கப்படாதுங்க. எதப் பாத்து மெரளுதுன்னு பாத்து, அத எடுத்துப் போட்டா, அது பாட்டுக்கு நடக்கும்." பேரனை மாட்டோடு ஒப்பிட்டதற்காக மகள் அன்று வருந்தினாள். ஆனால் அதே உண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டிய ஒருவர் ஆட்டிசம் உள்ளவரே. 1947-இல் பிறந்த டெம்பிள் கிராண்டின் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கால்நடை அறிவியலில் பேராசிரியராக விளங்குபவர். தரையில் விழும் நிழல், தொங்கும் சங்கிலி, நீரில் மின்னும் ஒளி ஆகியவையே மாடுகளை மிரட்டுகின்றன என்பதை, அவை நடந்து செல்லும் பாதையில் தாமே இறங்கி நடந்து கண்டறிந்தார். புலன்களால் வரும் அச்சத்தைத் தம் வாழ்வில் அறிந்திருந்ததே, பிற உயிரின் அச்சத்தை உணர வழிகாட்டியது என்று அவர் எழுதியிருக்கிறார். காங்கேயத்து முதியவரும் கொலராடோவின் பேராசிரியரும் கூறுவது ஒன்றே. அடம் என்று நாம் பெயரிடுவதற்கு அடியில் பெரும்பாலும் ஓர் அச்சம் இருக்கிறது. அதை நீக்கினால் கால்கள் தாமே நடக்கும்.

அதனால்தான் இவர்கள் வார நாளைத் தேர்ந்தார்கள். உச்சிக்கால மணி ஒலிக்குமுன் வந்தார்கள். வருவதற்கு ஒரு வாரம் முன்பே கோவிலின் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். வெறுங்காலில் கற்றரையின் குளிர்ச்சி பழகுவதற்காக வீட்டு முற்றத்தில் நடக்கவைத்தார்கள்.

கனகசபையை அடைந்ததும் சிறுவன் நின்றுவிடுகிறான். ஒரே கல்லில் பெயர்த்தெடுத்த ஊர்த்துவ தாண்டவரும், யானையை உரித்த பெருமானும், அக்கினி வீரபத்திரரும் தூண்களில் நின்று பார்ப்போரை வியக்கவைக்கும் மண்டபம் அது. சிறுவனின் கண்கள் அவற்றில் நிலைக்கவில்லை. விதானத்திலிருந்து தொங்கும் கல்சங்கிலியை அண்ணாந்து பார்க்கிறான். வளையத்துக்குள் வளையமாகக் கோத்த கல்லை அவன் விரல் காற்றில் ஒவ்வொன்றாக எண்ணுகிறது. மீண்டும் எண்ணுகிறது. கால் மணி நேரம் கழிகிறது. யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. அந்தச் சங்கிலியைச் செதுக்கிய சிற்பிக்கு, இவ்வளவு பொறுமையாக அதைப் பார்த்தவர் எத்தனை பேர் வாய்த்திருப்பார்கள்?

பூண்டியில் கேட்ட கேள்வி

பேரூரில் அன்று ஒன்றும் நேராததால் பெற்றோருக்குத் துணிவு பிறந்தது. அடுத்த மாதம் அவர்கள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார்கள். கோவையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் அவிநாசி. அங்கிருந்து திருப்பூர்ச் சாலையில் 5 கிலோமீட்டர் சென்றால் திருமுருகன்பூண்டி. முதலில் பூண்டி, திரும்பும் வழியில் அவிநாசி என்பது அவர்களின் திட்டம். இரண்டும் கொங்கு நாட்டுத் தேவாரத் தலங்கள் ஏழனுள் அடங்குவன. இரண்டும் சுந்தரர் பாடல் பெற்றவை.

பூண்டியின் சாலையோரமெங்கும் சிற்பக்கூடங்கள். பாதி பிறந்த விநாயகர்களும் நந்திகளும் வெயிலில் காத்திருக்க, உளியோசை ஒரே தாளத்தில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. எதிர்பாராத ஓசைக்கு அஞ்சும் சிறுவன், ஒரே சீராக வரும் இந்த ஓசைக்கு அஞ்சவில்லை. காதுமூடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறான்.

சூரபதுமனைக் கொன்றதனால் வந்த தோஷம் நீங்க, முருகப்பெருமான் தம் தந்தையை இலிங்கத் திருமேனியில் வழிபட்ட இடம் இது என்பது தலவரலாறு. இறைவன் திருமுருகநாதசுவாமி. சண்முக தீர்த்தம், ஞான தீர்த்தம், பிரம்ம தீர்த்தம் என மூன்று தீர்த்தங்கள் உண்டு. மனம் பேதலித்தவர்களை அழைத்துவந்து, இத்தீர்த்தங்களில் நீராட்டி, கோவிலில் தங்கவைத்து வழிபடும் வழக்கம் நெடுங்காலமாக இங்கே நிலவுகிறது. ஆதலின், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு உறவினர் முதலில் சொல்லும் ஊர்களில் இதுவும் ஒன்று.

இங்கே ஒரு தெளிவு தேவைப்படுகிறது. ஆட்டிசம் மனப்பிறழ்வு அன்று. பில்லி சூனியமும் அன்று. பெற்றோரின் முன்வினையை அளக்கும் படியும் அன்று. கயிறு கட்டியும் தாயத்து அணிவித்தும் அதனை விரட்ட இயலாது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டியதை விரல் சுட்டிக் காட்டாமை, வந்த பேச்சு நின்றுபோதல், பொருள்களை ஓயாமல் வரிசையாக அடுக்குதல் ஆகியவை 2 வயதை ஒட்டியே தென்படக்கூடும். அப்போதே குழந்தைநல மருத்துவரிடம் காட்டிப் பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி ஆகியவற்றைத் தொடங்குவது பெரும்பயன் தரும். மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளில் செயல்படும் ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையங்கள் இதற்கெனவே ஏற்பட்டவை. "போகப் போகச் சரியாயிரும், அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று தள்ளிப்போடும் ஆண்டுகள் திரும்ப வாரா. முழுக்கும் வழிபாடும் குடும்பத்தின் மனத்துக்கு வலிமை தருகின்றன. பயிற்சி பிள்ளையின் நாள்களுக்கு வழி அமைத்துத் தருகிறது. முருகனை வேண்டியவர் மருத்துவரைக் காணக்கூடாது என்று எந்தப் புராணமும் விதிக்கவில்லை.

கொங்கு நாட்டில் ஆன்மிகமும் இப்பணியும் கைகோத்தே நடந்திருக்கின்றன. கௌமார மடாலயம் அமைந்த சின்னவேடம்பட்டியில் கௌமாரம் பிரசாந்தி அகாடமி என்னும் சிறப்புப் பள்ளி இயங்குகிறது. 1930-இல் தோன்றி, இன்று பெரியநாயக்கன்பாளையத்தில் அமைந்திருக்கும் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் வளாகத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புக் கல்வியில் ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகத் துறையே உள்ளது. அவ்வித்யாலயத்தை நிறுவிய பெருமகனின் பெயர் தி.சு. அவினாசிலிங்கம். அவிநாசி இறைவனின் திருப்பெயர் மனிதர் ஒருவருக்குச் சூட்டப்பெற்று, கல்விக்கூடமாகி, இன்று இப்பிள்ளைகளின் ஆசிரியர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

பூண்டிக்கு இன்னொரு கதையும் உண்டு. சேரமான் பெருமாள் நாயனார் அளித்த பெரும்பொருளோடு திரும்பிய சுந்தரரை இவ்விடத்தில் வேடர்கள் வழிமறித்துக் கொள்ளையிட்டனர். வந்தவர்கள் சிவகணங்களே. அனைத்தையும் பறிகொடுத்த சுந்தரர் சந்நிதிக்கு வந்து அழவில்லை, கெஞ்சவுமில்லை. வழிப்பறிக்காரர் உலவும் இந்தப் பாலையில் நீர் எதற்காகக் குடியிருக்கிறீர் என்று இறைவனையே கேள்வி கேட்டுப் பதிகம் பாடினார். அந்தக் கோபத்தையும் இறைவன் வழிபாடாகவே ஏற்றுப் பொருளைத் திருப்பி அளித்தான். "எங்களுக்கு மட்டும் ஏன்?" என்னும் கேள்வியைப் பல்லாண்டுகளாக நெஞ்சில் வைத்திருக்கும் ஒரு தாய், அதைக் கேட்பதற்குக் கூச வேண்டாத சந்நிதி இது. அவள் கண்மூடி நின்றிருந்த நேரம் சற்று அதிகம். என்ன கேட்டாள் என்பது திருமுருகநாதருக்குத் தெரியும்.

வெளியே வரும்போது பூ விற்கும் மூதாட்டி ஒருவர் சிறுவனை அழைக்கிறார். "கண்ணு, உம் பேரென்ன சாமி?" விடையில்லை. அவர் முகத்தில் வழக்கமான அந்தப் பரிதாபம் எழுவதற்குள் தாய் சொல்கிறாள்: "கொஞ்சம் பொறுங்க ஆத்தா, சொல்லுவானுங்க." மூதாட்டி பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார். நாரை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார். சிறுவன் கூடையைப் பார்த்தபடியே தன் பெயரைச் சொல்கிறான். "அட, நல்ல பேருங்கண்ணு" என்று ஒரு முழம் பூவை அளந்து அவன் கையில் கொடுக்கிறார். அவர் செய்தது ஒன்றுதான், காத்திருந்தார். ஆட்டிசம் உள்ளவரோடு பேச விரும்புவோர் கற்க வேண்டிய முதற்பாடம் அதுவே. சுருக்கமாகக் கேட்பது, ஒருமுறை கேட்பது, விடைக்குக் காத்திருப்பது. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பதால் காதில் வாங்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

முதலை விழுங்கியது யாரை?

திருப்புக்கொளியூர் என்பது தலத்தின் பழம்பெயர். அவிநாசி என்றால் அழிவில்லாதவன். அவிநாசியப்பரும் கருணாம்பிகையும் வீற்றிருக்கும் இக்கோவிலின் சித்திரைத் தேரைக் காணக் கொங்கு நாடே திரளும். ஆனால் அவிநாசியின் பெயரை என்றும் நிலைநிறுத்தியது, தேரோடும் வீதியல்லாத வேறொரு சாதாரணத் தெரு.

சேரமானைக் காண மீண்டும் மலைநாட்டுக்குச் சென்ற சுந்தரர் அத்தெரு வழியே நடந்தார். ஒரு வீட்டில் மங்கல மேளம். எதிர்வீட்டில் அழுகுரல். காரணம் கேட்டார். ஒத்த வயதுடைய பிள்ளைகள் இருவர் முன்னொரு காலத்தில் சேர்ந்து குளிக்கச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிற்று. தப்பிய பிள்ளைக்கு இன்று பூணூல் கல்யாணம். தம் பிள்ளை இருந்திருந்தால் அவனுக்கும் இதே வயதுதானே என்று மற்றைய பெற்றோர் அழுகின்றனர் என்றனர் ஊரார். அதற்குள் சுந்தரர் வந்திருப்பதை அறிந்த அப்பெற்றோர், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு முகமலர்ந்து வந்து வணங்கினர். துயரை மறைத்து அவர்கள் காட்டிய அன்பே சுந்தரரை உருக்கியதென்று பெரியபுராணம் காட்டுகிறது. பிள்ளையை மீட்டுத் தந்தபின்பே அவிநாசி இறைவனைத் தொழுவேன் என்று அவர் குளக்கரைக்குச் சென்றார். பதிகம் பாடினார். முதலை அப்பிள்ளையை, இடையில் கழிந்த ஆண்டுகளுக்குரிய வளர்ச்சியோடு கரையில் உமிழ்ந்தது. தாமரைக்குளக்கரை இன்றும் அக்கதையைச் சொல்லி நிற்கிறது.

ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோர், இத்தெருவைத் தங்கள் தெருவாகவே அறிவர். எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் தம் பிள்ளைக்கும் ஒரே வயது. அவன் பள்ளி ஆண்டுவிழாவில் பேசுகிறான்; சைக்கிள் ஓட்டுகிறான்; அங்கே காதுகுத்து, பிறந்தநாள், பட்டமளிப்பு. அழைப்பிதழை வாங்கும்போது இவர்கள் முகமலர்ந்தே வாங்குகிறார்கள். கதவை மூடியபின் என்ன நடக்கிறதென்று எதிர்வீட்டுக்குத் தெரியாது.

ஆயினும் இக்கதையை ஒரு தவறான வழியிலும் படித்துவிட முடியும். நம் பிள்ளையை ஆட்டிசம் என்னும் முதலை விழுங்கிவிட்டது. உள்ளே வேறொரு 'சரியான' பிள்ளை இருக்கிறான். அவனை மீட்டுக் கொடு என்று வேண்டுவது அது. ஜிம் சின்கிளேர் என்னும் ஆட்டிசம் உள்ள எழுத்தாளர், 1993-இல் கனடாவின் டொரண்டோ நகர மாநாட்டில் பெற்றோரை நோக்கி இதைத்தான் மறுத்துரைத்தார். எங்களுக்காகத் துக்கம் காக்க வேண்டாம். நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை வரவில்லை என்பது உங்கள் துயரம். ஆனால் வந்திருக்கும் பிள்ளை உங்கள் எதிரில் உயிரோடு காத்திருக்கிறான் என்பது அவர் உரையின் கருத்து. தமிழில் இப்புரிதலைப் பரப்பியவர்களுள் எழுத்தாளர் யெஸ். பாலபாரதி குறிப்பிடத்தக்கவர். அவருடைய 'ஆட்டிசம் – சில புரிதல்கள்' பல பெற்றோருக்கு முதல் கைவிளக்காக அமைந்தது.

அப்படியானால் முதலை விழுங்கியது யாரை? இந்தக் குடும்பத்தின் மூன்றாண்டுகளை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கிறது. பிள்ளை எங்கும் போகவில்லை. கோவிலும் திருவிழாவும் திருமண வீடும் உறவும்தான் ஒவ்வொன்றாக விழுங்கப்பட்டன. குடும்பமே நான்கு சுவர்களுக்குள் மறைந்தது. விழுங்கியது ஊராரின் பார்வையும் சொல்லும். மீட்க வேண்டியதும் ஊராரே. பெரியபுராணக் கதை குளக்கரையோடு முடிந்துவிடுவதில்லை. சுந்தரர் அப்பிள்ளையை அழைத்துக்கொண்டு கோவிலுக்குச் சென்று இறைவனைத் தொழுதார். பின்னர் அவனுக்கும் பூணூல் கல்யாணம் நிகழச் செய்தார். எதிர்வீட்டில் ஒலித்த மேளம் இவ்வீட்டிலும் ஒலித்தது. நீரிலிருந்து மீட்பது அற்புதம். அது இறைவன் செயல். தெருவில் அவனுக்குரிய இடத்தைத் தருவது மனிதர் செய்யக்கூடியது.

குளக்கரையில் தந்தை மகனின் கையை இறுகப் பற்றியிருக்கிறார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் நீரைக் கண்டால் ஈர்க்கப்படுவர். சொல்லாமல் விலகி ஓடிவிடுவதும் உண்டு. தெப்பக்குளமும் படித்துறையும் உள்ள தலங்களில் ஒருவர் கை எப்போதும் பிள்ளையின்மேல் இருக்க வேண்டும். பெற்றோரின் தொலைபேசி எண் பொறித்த அட்டை அவன் சட்டையில் இருக்க வேண்டும். நீச்சலும் கற்பிக்கத் தக்கதே.

அந்தக் கை எத்தனை காலம் பற்றியிருக்கும்? எங்களுக்குப் பின் இவனுக்கு யார் என்னும் கேள்வியே இப்பெற்றோரின் உறக்கத்தைக் கெடுப்பது. சட்டம் சில படிகளைக் கட்டித் தந்திருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, 18 வயது நிறைந்தவர்க்கு மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர் மட்டக் குழுவின் வழியே சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவுகிறது. 1995-ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசம், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளுள் இடம்பெற்றுவிட்டது. அடையாள அட்டையைப் பெறக் கூசும் பெற்றோர், இவ்வுரிமைகள் அனைத்தும் அதன் வழியே வருவதை எண்ண வேண்டும்.

ஆனால் படிகளைப் பிடித்து ஏறத் துணைக்கு மனிதர் வேண்டும். கொங்கு நாட்டில் அதற்கு அமைப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு குலதெய்வக் கோவில். ஆண்டுக்கொருமுறை பங்காளிகள் அனைவரும் பொங்கல் வைக்கக் கூடுகிறார்கள். சிறு வயதுமுதல் அங்கே வந்துபோகும் பிள்ளையை நூறு பேர் பெயர் சொல்லி அறிவர். அவனுக்கு எது பிடிக்கும், எதற்கு மிரளுவான் என்று சித்தப்பன் மக்களும் அத்தை மக்களும் அறிவர். வீட்டுக்குள் மறைத்து வளர்த்த பிள்ளையைப் பெற்றோருக்குப் பின் தேடி வருவோர் யார்?

அடியார்க்கு ஒரு வேண்டுகோள்

சக்கர நாற்காலியைக் கண்டால் வழிவிடும் நல்ல மனம் நம்மிடம் இருக்கிறது. ஆட்டிசத்துக்கு வெளிப்பட்ட அடையாளம் இல்லை என்பதே சிக்கல். இங்கிலாந்தின் கேட்விக் விமான நிலையம் 2016-இல் சூரியகாந்திப் பூ பொறித்த கழுத்துப் பட்டையை அறிமுகப்படுத்தியது. புறத்தே தெரியாத குறைபாடு உள்ளவர் அதை விரும்பி அணிந்தால், பணியாளர் பொறுமையோடு உதவுவர். இன்று பல நாடுகளில் அது வழக்கத்துக்கு வந்துவிட்டது. நம் கோவில்களில் வார நாளில் ஒரு மணி நேரம் முரசும் ஒலிபெருக்கியும் இன்றி அமைதித் தரிசனம் வைக்கலாம்; ஒதுங்கி அமர ஒரு மண்டப மூலையைக் காட்டலாம். பொருட்செலவில்லாத கைங்கரியம் இது.

வரிசையில் ஒரு பிள்ளை கையை உதறிக்கொண்டோ, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டோ நின்றால், அது அவன் தன்னை ஆற்றிக்கொள்ளும் வழி என்று உணர்ந்து விலகி இடம் தரலாம். கீழே விழுந்து அலறினால், கூட்டம் கூடாமல், பெற்றோரிடம் "என்ன உதவி வேணுங்க?" என்று மெல்லக் கேட்கலாம். கன்னத்தைக் கிள்ளுவதையும் அறிவுரை சொல்வதையும் கைப்பேசியில் படமெடுப்பதையும் தவிர்க்கலாம்.

அவிநாசியப்பர் சந்நிதியில் தீபாராதனை முடிந்து விபூதித் தட்டு வருகிறது. சிறுவனுக்குப் பிறர் நெற்றியைத் தொடுவது ஆகாது. அர்ச்சகர் கை நீட்டுகிறார். அவன் ஓரடி பின்வாங்குகிறான். தாய் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். அர்ச்சகர் அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு, தட்டைத் தாழ்த்திப் பிடிக்கிறார். "நீயே எடுத்துக்க சாமி." சிறுவன் மூன்று விரல்களால் விபூதியை எடுத்து, நெற்றியில் தானே இடுகிறான். பாதி மூக்கில் விழுகிறது. பின்னால் நிற்பவர்கள் காத்திருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் அவன் தாயின் கையிலிருந்து படவளையத்தை வாங்கி, விபூதித் தட்டின் படத்தைத் திருப்பிப் போடுகிறான். அடுத்தது கார். அதையும் வீட்டையும் அவன் இன்னும் திருப்பவில்லை. கோபுரத்தின் படத்தை மீண்டும் மேலே கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டுகிறான்.

(பேரூர்: கோவையிலிருந்து சுமார் 6 கி.மீ. அவிநாசி: கோவையிலிருந்து சுமார் 40 கி.மீ. திருமுருகன்பூண்டி: அவிநாசியிலிருந்து 5 கி.மீ. மூன்றுக்கும் பேருந்து வசதி உண்டு. அமைதியாகத் தரிசிக்க விரும்புவோர் அமாவாசை, பிரதோஷம், விழா நாள்களைத் தவிர்த்து, வார நாள்களில் காலை நடை திறந்தவுடன் செல்வது நலம்.)